வாத்துப் போட்ட இசைத்தட்டு

குகநாதன் தன்னுடைய கலியாண வீடியோ எடுத்தவனை இன்றைக்குக் கண்டாலும் நிற்பாட்டி இரண்டு கேள்வி கேட்பார். கேட்கத்தான் வேண்டும். மூன்று மணித்தியால வீடியோ அது. தாலி கட்டுகிறது தொடக்கம் ஐஸ்கிரீம் கொடுக்கிறது மட்டும் எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒரு மனுசர் வாய் திறந்த சத்தம் இல்லை. ஐயர் வாயை அசைக்கிறார், மாமிமார் கன்னத்தைக் கிள்ளிக் கதைக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. அந்த நாளில் லண்டனில் எங்கள் சனம் எடுத்த வீடியோ முழுக்க இந்தச் சீர்தான். பிறந்தநாள் என்றாலும் பாட்டு, வீடு குடிபுகுந்தாலும் பாட்டு. சொந்தக்காரரின் பேச்சை அழிக்கச் சொல்லிக் காசும் கொடுத்தோம், சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்த வீடியோவில் மணவறையில் இருந்தபடி சிவகௌரி புருசனின் காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். என்ன சொன்னாள் என்று குகநாதனுக்கு நினைவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். இப்போது அவளுடைய குரலே அவருக்கு நினைவில் வருகிறதில்லை.

சிவகௌரி போய் மூன்று வருசமாகிறது. குரல் அதற்கு எவ்வளவோ முன்னம் போய்விட்டது. மகள் கஜந்தினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது, வாய் ஒரு பக்கம் இழுத்தது. பாரிசவாதம் என்றார்கள். நடை திரும்பியது, கையும் ஓரளவு திரும்பியது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. அதன் பிறகு தெற்கு லண்டன் நோர்பரி வீட்டில் அவள் இடது கையால்தான் கதைத்தாள். நெற்றியைத் தொட்டால் தலையிடி, வாசலைக் காட்டினால் கோயில், மகளின் தலையைத் தடவினால் அதற்கு எத்தனையோ அர்த்தம். கைபேசியில் எல்லாவற்றையும் பிடித்துவைக்கிற பழக்கம் சனத்துக்கு வந்த நேரம், பிடித்துவைக்க அவளிடம் குரல் இல்லை.

பேச்சு இருந்த நாளில் அவளுக்கு ஒரு பழக்கம். எதைச் செய்து முடித்தாலும் புருசனைப் பார்த்து, "சரியே?" என்பாள். கறிக்கு உப்புப் போட்டுவிட்டு, "சரியே?" சீலைக் கொய்யக மடிப்பை இழுத்துவிட்டு, "சரியே?" கார் பழகுகிற நாளில் சந்தியைச் சுற்றி வந்து, நடுத்தெருவில் பிரேக் போட்டு, பின்னால் பஸ்காரன் ஹோன் அடிக்க அடிக்க, "சரியே?" குகநாதன் கத்துவார்: "ஓம் அப்பா, சரி! முதல் காரை எடும்!" பெண்சாதியையும் அப்பா என்று கூப்பிடுகிறது எங்கள் ஆட்களின் வழக்கம். அவளுடைய அந்தச் சொல் அவருக்கு நினைவிருக்கிறது. அது எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் இறங்கும் என்பதுதான் போய்விட்டது. முகம் வழிக்கும்போது தனியாகச் சொல்லிப் பார்ப்பார். கண்ணாடிக்குள் இருந்து தன் குரல்தான் வந்தது.

போதாக்குறைக்குக் காது. இடது காது ஏற்கெனவே போயிற்று, வலது காது மெஷினின் தயவில் ஓடுகிறது. காது கிளினிக்கில் இருந்த பிள்ளை இதமாகத்தான் சொன்னாள், இது இனிக் குறையுமே தவிரக் கூடாது என்று. குகநாதன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, மெதுவாகக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கார்ப்பார்க்கில் வைத்து மகளிடம் சொன்னார்:

"பிள்ளை, இது முழுசாய்ப் போறதுக்கு முதல் அம்மாவின்ரை குரலை ஒருக்காக் கேக்கோணும்."

கஜந்தினி கார்க் கதவைத் திறந்தபடி திரும்பினாள். "எப்பிடி அப்பா? எங்களிட்ட ஒண்டுமே இல்லையே."

"ஒண்டு இருக்கு. எங்களிட்ட இல்லை. ஆனா இருக்கு. ஒரு ரெக்கார்ட்டில."

"ரெக்கார்ட்டோ? ஆர், எங்கட அம்மாவோ? ஜோக் அடியாதேங்கோ அப்பா."

ஜோக் இல்லை. கஜந்தினி தகப்பனைப் பெற்றோல் ஸ்டேஷன்காரராகவும் பிறகு பலசரக்குக் கடைக்காரராகவும் அறிந்த பிள்ளை. அதற்கு முந்தின குகநாதனை அவளுக்குத் தெரியாது. அந்தக் குகநாதன் சோல் என்று கறுப்புச் சனம் பாடுகிற பாட்டை வெளியிடுகிற ஒரு கம்பனியில் வேலை செய்தவர். கம்பனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு முடிவெட்டும் கடைக்குக் கீழே நிலவறை, அதில் மூன்று பேர், சுவரில் ஒட்டின முட்டைத் தட்டுகள். பெயர் லேட் பஸ் ரெக்கார்ட்ஸ். முதலாளி கார்ல்டன் பகலில் பஸ் ஓட்டுகிறவர், அதனால் அந்தப் பெயர். தாய் தகப்பன் பார்படோஸிலிருந்து வந்தவர்கள். குகநாதன் அகதியாக வந்து, தட்டுக் கழுவி, பிறகு யாரோ சொல்லி அந்த நிலவறைக்குள் இறங்கினார். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்திய கை அவருடையது. கார்ல்டன் எங்கேயோ பழசாக வாங்கிப்போட்டிருந்த மெஷின் ஒன்று உயிர் இல்லாமல் கிடந்தது. ஒலிநாடாவில் இருக்கிற பாட்டை வழவழப்பான ஒரு தட்டில் கோடு கோடாக வெட்டுகிற மெஷின். அந்தத் தட்டைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால், அதை அச்சாக வைத்து விற்பனைக்கான ரெக்கார்ட்டுகளை அடித்துத் தருவார்கள். குகநாதன் கிண்டிக் கிளறி மெஷினை ஓட வைத்தார். அடுத்த நாளே கார்ல்டன் அவருக்கு நிலவறைக் கதவுக்கு ஒரு திறப்பு வெட்டிக் கொடுத்துவிட்டார்.

கார்ல்டன் தேத்தண்ணி ஆறும்வரை கதை சொல்லுவார். சோல் பாட்டு வளர்ந்ததே இப்படித்தான் என்பார். அமெரிக்காவில் பெரிய கம்பனிகள் கறுப்புச் சனத்தின் பாட்டைக் கதவுக்கு வெளியே நிற்பாட்டின நேரம், டெட்ரோயிட்டில் ஒரு சாதாரண வீட்டுக்குள்ளும், மெம்பிஸில் மூடிப்போன ஒரு தியேட்டருக்குள்ளும், இன்னும் எத்தனையோ கராஜுக்குள்ளும் ஆட்கள் தாங்களே கதவு போட்டு, தாங்களே பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டார்கள். "அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது, எங்களுக்கு ஒரு நிலவறை. கீழ்வீடு என்று வைத்துக்கொள்வோமே" என்று சிரிப்பார். விற்கிறதும் அப்படித்தான். காரின் டிக்கியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை ரெக்கார்ட் கடை கடையாக ஏறி இறங்குவது. கவுன்சில் மாடிக்கட்டடத்து உச்சியில் ஏரியல் கட்டிக் களவாக நடத்தின ரேடியோக்காரருக்கு ஒன்று கொடுப்பது. பாட்டில் கைதட்டல் வேண்டுமென்றால் மேலே கடைக்குப் போய், முடிவெட்டுகிறவரையும் அவரிடம் இருந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வருவது. ஒரு ரெக்கார்ட்டில் கைதட்டுகிற ஆள் அரைமுகம் வழித்தபடி நின்று தட்டினவர், அது கேட்கிறவருக்கு எங்கே தெரியப்போகிறது!

தட்டை வெட்டி முடித்தபின் அதில் இலக்கம் பொறிக்கவேண்டும். பாட்டு முடிகிற இடத்துக்கும் நடுவில் லேபிள் ஒட்டுகிற இடத்துக்கும் இடையே வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். அதில் ஊசியால் இலக்கத்தைக் கீறவேண்டும். அது குகநாதனின் வேலை. முதல் தட்டைக் கையில் எடுத்தார், ஊசியை எடுத்தார், எங்கள் ஆட்களுக்கு எழுத்து வேலை தொடங்கினால் கை தானாக என்ன செய்யும்? பிள்ளையார் சுழி போட்டது. போட்ட பிறகுதான் மனுசனுக்கு மூளை வேலை செய்தது. ஐயோ, அது அழியாது. அந்தத் தட்டு விலையான தட்டு.

கார்ல்டன் குனிந்து பார்த்தார். "இது என்ன?"

எந்த வேலைக்கும் முதலில் எங்கள் கடவுள் ஒருவரை வைக்கிற வழக்கம், அவர் தடையைத் தள்ளிவிடுகிறவர் என்று குகநாதன் தனக்கு வந்த இங்கிலிஷில் நடுங்கி நடுங்கிச் சொன்னார். கார்ல்டன் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எங்களுக்கு ஏராளம் தடை இருக்கிறது. அவர் நிற்கட்டும்" என்றார். அதன் பிறகு அந்த நிலவறையில் வெட்டின எல்லாத் தட்டிலும் பிள்ளையார் சுழி விழுந்தது.

யூலலி என்றொரு பாட்டுக்காரி அவர்களுக்கு இருந்தாள். ஆஸ்பத்திரியில் தாதி, தோள் அகன்றவள், பாடத் தொடங்கினால் நிலவறையின் பல்ப் அதிரும். கடைசி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ஒரு பெண்ணின் பாட்டை அவள் பதிய வந்த அன்றைக்கு, பின்னணியில் முனகுகிறதுக்கு வரவேண்டிய இரண்டு பேரில் ஒருத்தி வரவில்லை. அதே நேரம் படியில் இறங்கி வந்தவள் சிவகௌரி. கலியாணம் கட்டி ஒரு வருசம்கூட ஆகவில்லை. புருசனுக்குப் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுவந்தவள், காத்திருக்கிற நேரத்தில் நடைவழிக்குள் நின்று தன்பாட்டில் தேவாரம் ஒன்றை முனகிக்கொண்டிருந்தாள். யூலலி கேட்டுவிட்டாள். கேட்டவள் விடுவாளா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைக்குக்கு முன்னால் விட்டாள்.

"இஞ்சேருங்கோ, எனக்கு இங்கிலிஷ் பாட்டு வராது எண்டு சொல்லுங்கோ!" என்று சிவகௌரி புருசனைப் பார்த்துக் கத்தினாள். சொல்லே வேண்டாம், "ம்ம்" போதும் என்றாள் யூலலி. சிவகௌரி கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்" என்றாள். அந்த "ம்ம்" கோயிலில் ஏங்குகிற மாதிரியே வளைந்து இறங்கியது. யூலலியும் சேர்ச்சில் பாடிப் பழகினவள்தானே, அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஏங்கினார்கள். குகநாதனுக்குத் தான் கட்டின பெண்ணை அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டது போல இருந்தது. ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பாட்டு முடிந்தது. இசை மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. அப்போது சிவகௌரி கண்ணைத் திறந்து, மெஷின் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற புருசனைப் பார்த்துக் கேட்டாள்: "சரியே?"

சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்தால் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். குகநாதன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். பிறகு கார்ல்டன் அதன் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்து, தொடையில் அடித்துச் சிரித்து, அதை வெட்டாதே, அப்படியே கிடக்கட்டும் என்றார். தட்டு வெட்டும்போது குகநாதன் அந்த ஒரு சொல் உள்ளே நிற்கும்படி பாட்டின் வாலைக் கொஞ்சம் நீளமாகவே விட்டார். அன்றைக்கு வேலை அவ்வளவு. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் சிவகௌரி அவருடைய தோளில் நித்திரையாகிவிட்டாள். அவள் கேட்டதற்கு வாய் திறந்து பதில் சொல்ல அவருக்கு நினைவு வரவில்லை.

சில நூறு தட்டுத்தான் அப்படி அடித்தது. பாட்டுப் பிடிபட்டது. பிடிபட்டவுடன் பெரிய விநியோகக்காரன் ஒருவன் வந்தான். கடைசியில் யாரோ ஒரு பெண் வேற்று மொழியில் கதைக்கிறாள், ரேடியோவுக்குச் சரிவராது என்று சொல்லி, தானே வேறிடத்தில் புதிதாக வெட்டினான். வாலை முன்னுக்கே அடக்கிவிட்டான். பிள்ளையார் சுழியும் இல்லை, சிவகௌரியின் சொல்லும் இல்லை. நாசமறுப்பான்! உலகம் கேட்டது அந்தத் தட்டைத்தான். சின்னக் கம்பனிகளின் கதை எப்படி முடியுமோ அப்படியே லேட் பஸ்ஸும் முடிந்தது. விநியோகக்காரன் விழுந்தான், இவர்களின் பெட்டிகளோடு சேர்ந்து விழுந்தான். நிலவறைக்குள் ஒரு மாரிக்குத் தண்ணி ஏறி ஒலிநாடாக்கள் எல்லாம் ஊறிப்போயின. கார்ல்டன் போய்ச் சேர்ந்துவிட்டார். யூலலி கடல் கடந்து பார்படோஸ் போனவள், தொடர்பில்லை.

குகநாதனிடமும் இரண்டு தட்டு இருந்தது. ஒன்றைச் சிவகௌரி ஊருக்குத் தாய்க்கு அனுப்பினாள். யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்த அன்றைக்கு அது வீட்டோடு நின்றுவிட்டது. மற்றதன் மேல், கஜந்தினியின் முதலாவது பிறந்தநாளுக்கு வந்த வாமதேவன் அண்ணை, சோபாவில் இருக்கிறேன் என்று பொத்தென்று இருந்தார். நல்ல மனுசன், பாரம் கூடின மனுசன். தட்டு மூன்று துண்டு. "பரவாயில்லை அண்ணை, நீங்கள் கேக் சாப்பிடுங்கோ" என்று சிவகௌரி சிரித்தபடி சொன்னதும் அந்தப் பிறந்தநாள் வீடியோவில் இருக்கிறது. சினிமாப் பாட்டுக்குக் கீழே.

இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கஜந்தினி காரை எடுக்கவேயில்லை. அங்கேயே கைபேசியில் தேடினாள். பாட்டு இருந்தது. தகப்பனின் காது மெஷினோடு கைபேசியை இணைத்துவிட்டாள். குகநாதன் கண்ணை மூடிக் கேட்டார். யூலலி வந்தாள், கைதட்டல் வந்தது, முனகலும் வந்தது. வால் வருகிற நேரம் பாட்டு சட்டென்று அடங்கியது. அவர் அப்படியே இருந்தார். அடுத்ததாகச் சோப்பு விளம்பரம் வந்து, அதுவும் முடிகிற மட்டும் இருந்தார்.

"இது மற்றது பிள்ளை. அவன் வெட்டினது."

கஜந்தினி பாட்டுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, வெயிட். இஞ்ச கீத் எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். வாத்துப் போட்ட கொப்பி எண்டு ஒண்டு இருக்காம், அதுதான் ஒரிஜினலாம். நடு வளையத்தில சின்ன வாத்து ஒண்டு கீறிக் கிடக்குமாம்."

"வாத்தோ? என்ன வாத்து?"

அவள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். குகநாதன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்தவர் சிரிக்கத் தொடங்கினார். மனைவி செத்தபிறகு அவர் அப்படிச் சிரித்ததைக் கஜந்தினி கண்டதில்லை. "அட பாவிகளே, பிள்ளையாரை வாத்தாக்கிப் போட்டாங்கள்!"

கஜந்தினி அந்தத் தட்டை விலைக்குக் கேட்டுக் கீத்துக்கு எழுதினாள். விற்கமாட்டேன் என்றுதான் முதல் வரியிலேயே பதில் வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை குரோய்டனில் ஒரு சேர்ச் மண்டபத்தில் சோல் ரெக்கார்ட் சேர்க்கிறவர்கள் கூடுகிறார்கள், கொண்டுவருகிறேன், கேட்கலாம் என்று இரண்டாம் வரி சொன்னது.

குகநாதன் அன்றைக்குக் கோயிலுக்குப் போகிறவர் போலக் குளித்து, இஸ்திரி போட்ட சேட் போட்டுக்கொண்டு வந்தார். மண்டபம் நிறையப் பெட்டிகள், பெட்டி நிறைய ரெக்கார்ட்டுகள், குனிந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற நரைத்த தலைகள். கீத் ஒரு மூலை மேசையில் நின்றார். எழுபது வயதுக்கு மேலே இருக்கும், வெள்ளைக்காரர். கைகொடுக்க அவர் நீட்டின முன்கையில் பச்சை குத்தியிருந்தது. குகநாதன் பிடித்த கையை விடவில்லை. அது பிள்ளையார் சுழி.

"அப்பா, ஓ மை கோட்" என்றாள் கஜந்தினி.

"இந்தக் கம்பனியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்" என்றார் கீத், கொஞ்சம் வெட்கப்பட்டு. "எங்களுக்குள்ளே பெரிய சண்டை. சிலர் வாத்து என்கிறார்கள், நான் அன்னம் என்கிறேன். கீறியது நீங்கள் என்று உங்கள் மகள் எழுதினாள். எது சரி?"

குகநாதன் மேசையில் விரலால் ஒருமுறை சுழித்துக் காட்டி, இது எங்கள் கடவுளுடைய குறி, தொடங்குகிறதுக்கு முதல் போடுகிறது என்றார். கீத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை வருசமும் கடவுளோடுதான் பியர் குடிக்கப் போயிருக்கிறேனா?" என்றார். "அவர் ஒன்றும் நினைக்கமாட்டார்" என்றார் குகநாதன்.

கீத் ஒரு சின்ன பிளேயரைத் திறந்து, தட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து வைத்தார். குகநாதன் வெளிச்சத்தில் சாய்ந்து வளையத்தைப் பார்த்தார். தன்னுடைய இளம் கை அங்கே இருந்தது. காது மெஷினைக் கழற்றிச் சேட் பொக்கெற்றில் போட்டார். கீத் பெரிய ஹெட்போனை அவருக்கு மாட்டி, சத்தத்தைக் கூட்டி, ஊசியை இறக்கினார்.

யூலலி பாடினாள். மங்கலாகத்தான் கேட்டது, ஆனால் அவள்தான். பிறகு முனகல். இரண்டு குரலா மூன்று குரலா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. அந்த வளைந்து இறங்குகிற இடம் வந்தது, அது அவள்தான் என்று நெஞ்சு சொன்னது, காது சொல்லவில்லை. பாட்டு அடங்கத் தொடங்கியது. அடங்க அடங்க அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். சத்தம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, பிறகு வெறும் கரகரப்பு. ஊசி வளையத்துக்குள் போய்ச் சுற்றியது. முடிந்தது.

அந்தச் சொல் பாட்டின் மிக மெல்லிய இடத்தில் இருந்தது. அதை எட்டுகிற அளவுக்கு அவருடைய காது இப்போது இல்லை. தானே நீட்டி விட்ட வால், தனக்கே கேட்கவில்லை.

கஜந்தினி அவருடைய முகத்தைப் பார்த்தாள். "கேட்டுதா அப்பா?" என்பது அவளுடைய வாயசைவில் தெரிந்தது.

"இல்லைப் பிள்ளை." அவர் ஹெட்போனைக் கழற்றினார். "கேக்கேல்லை. பிந்திப் போனன்."

அவர் அழவில்லை, அழுதிருந்தால் கஜந்தினிக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் மெஷினை அவருடைய பொக்கெற்றிலிருந்து எடுத்து, தானே காதில் மாட்டிவிட்டாள். பிறகு ஹெட்போனைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கீத்தைப் பார்த்தாள். கீத் ஊசியை எடுத்துப் பாட்டின் கடைசிப் பக்கமாக வைத்தார்.

குகநாதன் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் அவளுடைய முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் ஏறியது. பிறகு கை வாயைப் பொத்தியது. கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது கடைசியாகக் கேட்ட தாயின் குரல், தன்னைவிட இளைய பெண்ணாக வந்து அவளுடைய காதுக்குள் நின்றது. அவள் கீத்திடம் இன்னொரு தரம் என்று விரலால் காட்டினாள். மறுபடியும் கேட்டாள். அதற்குப் பிறகும் ஒருதரம் கேட்டாள், படிக்கிற பிள்ளை பாடத்தைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். தகப்பனின் வலது பக்கமாக வந்தாள். கஜந்தினி வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்கிறவள் இல்லை, அவளுடைய வாயில் எல்லாவற்றுக்கும் ஓகேதான். அவருடைய தோளைப் பிடித்து, காதுக்குக் கிட்ட வாயை வைத்து, தான் கேட்டதை அப்படியே, ஏறின இடத்தில் ஏற்றி, இறங்கின இடத்தில் இறக்கிச் சொன்னாள்:

"சரியே?"

அது அவளேதான். உப்புப் பார்க்கிறவள், கொய்யகம் இழுக்கிறவள், நடுத்தெருவில் காரை நிற்பாட்டுகிறவள். குகநாதனுடைய வலது கை, அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் உயர்ந்த மாதிரியே, தானாக உயர்ந்தது. அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. மண்டபத்தில் பெட்டி பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னார்:

"ஓம் அப்பா, சரி. நல்லாப் பாடினீர்."